பொய் என்று கேட்டது

வெயிலூர் என்று பெயர் கெட்ட ஊரில்
எனக்கு நிழலாக இருக்கும் வேலை.
டாக்டர் கிரேஸ்லினுக்குப் பின்னால், இரண்டடி தள்ளி,
எதையும் தொடாமல், யாரோடும் பேசாமல்.
கேள்வி இருந்தால் வராண்டாவில்தான் கேட்கணும்.
செவ்வாயும் வியாழனும் நிழல்.
மற்ற நாட்களில் சக்கர நாற்காலி.

நீட்டில் இருபத்தொரு மதிப்பெண் குறைந்துபோன வருடம்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
இடதுகால் மேல்தோல் மட்டும் தைக்கும் அம்மா
'வீட்ல குந்தினு இருக்காத, ஆஸ்பத்திரி வாடையாவது பழகட்டும்' என்றாள்.
வாலாஜாவிலிருந்து ஆறு ஐம்பது பஸ்.
பாலாற்றுப் பாலம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன்.
அந்த மணலைப் பார்த்துக்கொண்டே
சிறுநீரகம் படிக்க முடிந்ததில்லை.

சரிவில் நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கணும்.
லிஃப்டுக்குள் நோயாளியின் முகம்
சுவரைப் பார்த்து நிற்கக் கூடாது.
இதெல்லாம் எந்தப் பரீட்சையிலும் வராது,
வந்தால் மாநிலத்தில் நான்தான் முதல்.

ஷெஃபாலி மண்டல், மால்தா.
இரண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கியவள்.
ஃபைலும் பொரிப் பொட்டலமும்
ஒரே பிளாஸ்டிக் பைக்குள்.
ஸ்கேன் அறை வாசலில்
கழற்ற மனசில்லாமல் இரும்பு வளையலைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்து
கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

லாட்ஜ் சந்தில் பொறுக்கிய வங்காளம் எனக்கு நான்கைந்து வார்த்தை.
'கிச்சு நா' என்றேன். ஒன்றுமில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்து
'பொய்' என்றாள்.
சுத்தமான தமிழில்.
மறுபடியும், இன்னும் மெதுவாக,
'பொய்.'

கதவு திறந்து அவளை உள்ளே தள்ளிப் போனார்கள்.
வளையலோடு நின்றேன், நாற்பது நிமிடம்.
பொய்தானே.
செவ்வாய்க்கிழமை டாக்டரின் தோளுக்கு மேலாக
அவள் ரிப்போர்ட்டை நானும் படித்திருந்தேன்:
கணையத்தின் தலைப்பகுதி, மூன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.
பதினெட்டு வயது, கழுத்தில் 'எப்சிபா, தன்னார்வலர்',
அதற்குள் பிடிபட்டுவிட்டேன்.

மதியம் டீக்கடையில்
லாட்ஜுக்கு ஆள் பிடிக்கும் மன்சூரிடம் கேட்டேன்,
அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா என்று.
விஷயத்தைக் கேட்டு
பன்னை டீயில் நனைத்தபடியே சிரித்தான்.
'பொய் இல்லமே. அவங்க பாஷைல
பயத்துக்கு அதான் பேரு.'

நனைந்த பன் உடைந்து கிளாசுக்குள் விழுந்தது.
அதைக் கரண்டியால் எடுப்பதில் மும்முரமானான் அவன்.

வளையலை வார்டு சிஸ்டர்
கையெழுத்து போட்டு வாங்கிக்கொண்டார்.
பதிவேட்டில் மூன்றே கட்டம்:
வந்த நேரம், போன நேரம், செய்த வேலை.
சக்கர நாற்காலி ஏழு, என்று எழுதினேன்.

வியாழன். இரண்டடி தள்ளி.
டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்கிறார்,
ஒரு நர்ஸ் அதை வங்காளத்தில் சொல்கிறாள்,
எது எந்த வாக்கியம் என்று தெரியவில்லை.
எல்லாம் முடிந்த பிறகு அவள் கண்
டாக்டரைத் தாண்டி, நர்ஸைத் தாண்டி
என்னிடம் வந்து நின்றது.
வளையல் கைக்குத் திரும்பியிருந்தது.

நிழல் பேசக் கூடாது.

'பொய்' என்றேன்.

அவள் தலையசைத்தாள்.
டாக்டர் திரும்பிப் பார்த்தார்.
வராண்டாவில் கேட்பதற்கு அன்று
என்னிடம் கேள்வி எதுவும் இல்லை.