நிலை

பேரேட்டில் ஐந்து கட்டங்கள்:
எண், பெயர், எடுத்த தேதி, திருப்பிய தேதி,
கடைசியில் "நிலை".
நாற்காலியின் நிலையைத்தான் கேட்டிருந்தோம்.
பிரேக் பிடிக்கிறதா, மெத்தை கிழிந்திருக்கிறதா.
எழுபத்தெட்டிலிருந்து ஒருவரும் அதை அப்படிப் படிக்கவில்லை.
"இப்போ கைத்தடி போதும்."
"பேச்சு வந்துருச்சு, நடை வரல."
"அப்பா வெள்ளிக்கிழமை தவறிட்டாங்க. நன்றி."
ஓரிடத்தில் வெறும் கோடு,
பேனா அழுத்திய தடம்
அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.

நான் இந்தக் கழகத்தின் ஒன்பதாவது செயலாளர்,
முதல் பெண்.
அதற்கு முன் இருபது ஆண்டுகள்
ஆண்டு விருந்துக்குச் சோறு வடித்தவர்கள்
கூட்டக் குறிப்பில் "மகளிர் பகுதியினர்".
சரி, அதை விடுங்கள்.

தொடங்கியது ஜெலுத்தோங்கில், ஒரு டயர் கடை மாடியில்.
துறைமுகக் கிராணி சேஷாசலம்,
பல் வைத்தியர் கூ செங் ஹோக்,
பஸ் கண்டக்டர் உதுமான் கனி,
இன்னும் ஆறு பேர்.
மூடிப்போன பள்ளியிலிருந்து வந்த வெண்கல மணி.
ஒரு மைலோ டின்.
பிந்தி வந்தால் டின்னில் ஒரு வெள்ளி,
அரசியல் பேசினால் இரண்டு,
சுயபுராணம் பாடினால் ஐந்து.
எங்கள் முதல் சக்கர நாற்காலி
முழுக்க முழுக்கத் தாமதத்தாலும் தற்பெருமையாலும் வாங்கியது.
பாதி விலை சேஷாசலத்துடையது.

பிறகு வந்தவை சுவரில் படங்களாக இருக்கின்றன.
கண் முகாம், இரத்த தானம்,
ஆளுயர அட்டைக் காசோலை,
அதற்குப் பின்னால் சில தலைகள்.

பதினோராம் எண் எந்தப் படத்திலும் இல்லை.
எடுத்தவர் தவமணி, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி,
மார்ச் இரண்டாயிரத்து ஒன்பது.
திருப்பிய தேதி காலி. நிலையும் காலி.
ஆண்டுதோறும் தணிக்கையாளர்
அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார்.
ஆண்டுதோறும் ஒருவர் எழுந்து,
"அன்னிக்கே ஐம்பது வெள்ளி முன்பணம் வாங்கியிருந்தா..." என்பார்.
போன மாதம் நானே போனேன்.

லிப்ட் பழுது. பதினான்கு மாடி.
ஏழில் நின்றேன், யாரோ கருவாடு பொரிக்கும் வாசத்தில்,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
பதினான்கில் கொடிமலை கையெட்டும் தூரம்.
கதவைத் திறந்தவர் ரொஹானா.
தவமணியா? போய்ப் பத்து வருஷமாச்சே.
நாற்காலியா? இப்போ ஒன்பதில், லாவ் அம்மா வீட்டில்.
வியாழன் தோறும் பன்னிரண்டாம் மாடிப் பையனுக்கு,
டயாலிசிஸுக்கு.
லிப்ட் நின்ற நாளில் நாலு பேர் தூக்கி இறக்குவார்களாம்.
நாலு பேரில் ஒருவர்கூட நம் உறுப்பினர் இல்லை.

மின்சார மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்து காட்டினார்.
உட்புறம் பென்சிலில் ஒரு பட்டியல்,
மூன்று விதமான எழுத்தில்.
பெயர், எடுத்த நாள், கொடுத்த நாள்.
நிலைக்குக் கட்டமில்லை.
சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள்,
இருமினால் தெரிந்துவிடும்.

என் கைப்பையில் முத்திரை வைத்த நினைவூட்டல் கடிதம் இருந்தது.
அதன் பின்பக்கத்தில்
ரொஹானா சொல்லச் சொல்ல எழுதினேன்:
முன் டயர் இரண்டு.
இடது பிரேக்குக்குக் கம்பி,
இப்போது ராஃபியா கயிறு.

அன்றைய கூட்டத்துக்கு இருபது நிமிடம் பிந்தினேன்.
டின்னில் ஒரு வெள்ளி.
பார்த்ததைச் சொன்னேன்.
பொருளாளர் குலோத்துங்கன் கண்ணாடியைக் கழற்றி,
"டயர் செலவை எந்தத் தலைப்பில் எழுத?" என்றார்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
பல் வைத்தியரின் மகன் எழுந்து வந்து
ஐந்து வெள்ளித் தாளை மடித்து டின்னில் போட்டார்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
டயரும் கம்பியும் நாற்பத்தாறு.
இன்னும் நாற்பது வேண்டும்.