ஓரம்

யாரும் யோசித்து வைத்த பெயரில்லை அது.
லாரிச் சத்தம் கேட்டால் முதலில் போகிறவர்
"ஓரம்" என்று கத்துவார்.
அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று
ஏழாவது சைக்கிள்வரை அது கைமாறும்.
தொப்பூர் இறக்கத்தில் ஒரு டீக்கடையிலிருந்து
கூடவே ஓடிவந்த செவலை நாய்
தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டது.
மறுக்க எங்களுக்கு மூச்சில்லை.

இன்று ஒன்பதாம் நாள்.
பணகுடியில் படுத்து எழுந்து
முப்பந்தல் வரும்போது மணி ஆறேகால்.
ஆனி மாதக் கணவாய்க் காற்று
எதிரே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு
என்ன அவசரம் என்கிறது.
இறக்கத்திலும் மிதித்தால்தான் நகர்கிறது சைக்கிள்.
காற்றாலைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

நாய் இன்று என் முறை.
கேரியரில் மீன் பெட்டி, அடியில் சாக்கு,
உள்ளே ஒன்பது கிலோ.
ஒவ்வொரு கிலோவையும் என் முழங்கால் தனித்தனியாக எண்ணுகிறது.
அதுவோ காதுகளைப் பின்னால் பறக்கவிட்டு
என் விலாவுக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டி
மேற்கிலிருந்து வருவதை எல்லாம்
வரி விடாமல் படித்துக்கொண்டு வருகிறது.
எனக்குப் பிடிபட்டது மழை மட்டும்.

ஆரல்வாய்மொழி தாண்டி ஷெல்டன் கடிகாரம் பார்த்தான்.
நாற்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறோம்.
அவனிடம் ஒரு அட்டவணை உண்டு.
அதில் பஞ்சருக்குக்கூடக் கட்டம் உண்டு,
நாய்க்கு இல்லை.

தோவாளைப் பூச்சந்தையில்
பிச்சிக் குவியலுக்குள் மூக்கை விட்டுத் தும்மியது ஓரம்.
"இனி இத எவன் வாங்குவான்?"
நாங்கள்தான் வாங்கினோம்.
நௌஷாத் எல்லா ஹேண்டிலிலும் கட்டிவிட்டான்.
வெள்ளமடம் வருவதற்குள் காற்று பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

வடசேரியில் நான் தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்பினேன்.
பெட்டியில் சாக்கு மட்டும் இருந்தது.

பேருந்து நிலையத்தின் நட்டநடுவில் நின்று
ஏழு பேரும் "ஓரம்! ஓரம்!" என்று கத்தினோம்.
தலையில் பலாப்பழத்தோடு வந்தவர் ஒதுங்கினார்.
ஆட்டோ ஒதுங்கியது.
பள்ளிப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.
குலசேகரம் பேருந்தின் ஓட்டுநர்
ஜன்னல் வழியே தலையை நீட்டி
"இனி எங்கலே ஒதுங்கணும், ஒனக்க தலையிலயா?"
எங்களுக்குச் சிரிக்க வரவில்லை.
அத்தனை குரல்களில் முதலில் உடைந்தது
ஷெல்டனின் குரல்.

பழவண்டிக்கு அடியில் படுத்திருந்தது.
முன்னங்கால்களுக்கு நடுவே மட்டிப்பழத் தோல்.
"நாலு தின்னாச்சு, பைசா ஒண்ணும் வேண்டாம்.
பேரென்ன இதுக்கு?"
சொன்னோம்.
"நாயிக்கா?" என்றார்.
பழம் நிறுக்கும் கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
பக்கத்துக் கடைக்கும் சொல்லிச் சிரித்தார்.

பிற்பகல் மழை.
புத்தளத்து உப்பளங்களில் வானம் கட்டம் கட்டமாக நனைந்தது.
மணக்குடிப் பாலத்தில் ஏறிக் கிழக்கே திரும்பியதும்
காலையில் எங்களை அடித்த அதே காற்று
முதுகில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்தது.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தள்ளியது.
நாய் பெட்டியிலிருந்து குதித்துக் கூடவே ஓடியது,
நாக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.
யாரும் மணி பார்க்கவில்லை.
நான்தான் பார்த்தேன், பழக்கதோஷம்.

கன்னியாகுமரியில் சாலை முடிந்துபோனது.
அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல்
சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுச் சும்மா நின்றோம்.
தண்ணீரில் கால் நனைத்த மகளிடம் ஒருவர்
"ஓரமா வாடி, அலை இழுத்துரும்" என்றார்.
ஓரம் போனது.
அந்தப் பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பத்தின் வழிகாட்டி
"ஓரம், ஓரம்" என்று கூட்டத்தை நகர்த்தினார்.
அங்கும் போனது.
போன இடமெல்லாம் வாலை ஆட்டி,
ஏன் கூப்பிட்டார்கள் என்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
ஈரக்காலோடு எங்களிடம் திரும்பிவந்தது.

ஷெல்டன் படிக்கட்டில் உட்கார்ந்து
நாளைய ரயிலுக்கான பார்சல் தாளை
முழங்காலில் விரித்திருந்தான்.
சைக்கிள் ஏழு என்று எழுதியாகிவிட்டது.
பேனா மூடி இன்னும்
அவன் வாயில்தான் இருந்தது.