தண்ணீரைப் பழிப்பது

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

செவ்வாய்தோறும் காலை ஆறரைக்கு
லிட்டில்டனிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு
கார்வர் ஓடையின் தடுப்பணைக்கு ஏறுகிறேன்.
ஆப்பு வடிவில் வெட்டிய தகட்டின் கீழே
புட்டியை மூன்று முறை அலசி
நான்காம் முறை நிரப்பி,
மூடியில் தேதி எழுதி, ஐஸ் பெட்டிக்குள்.
ஜனவரி என்றால் முதலில் சுத்தியல்.

ஆறு வருடம் கருமியாக இருந்தது இந்த ஓடை.
நைட்ரேட் என்ற கட்டத்தில்
புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம்,
அதற்கும் பிறகுதான் ஏதோ ஒன்று.
கருவி பழுதோ என்று இருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.
பழுதில்லை.
மேலே மேப்பிளும் பீச்சும் மஞ்சள் பிர்ச்சும்
விழுந்த இலையை உறிஞ்சி மறுபடி இலையாக்கி
கைமாற்றிக்கொண்டே இருந்தன,
ஒரே நூறு ரூபாயை வைத்து
ஒரு தெருவே கடன் அடைத்துக்கொள்வதைப் போல.
ஓடைக்குக் கிடைத்தது மிச்சத்தின் மிச்சம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, தரை உறைந்திருந்தபோது,
ஏமில் தீபொடோவின் ஆட்கள் முப்பது ஏக்கரைச் சாய்த்தார்கள்.
ஒழுங்காகத்தான். ஓடையோரம் ஐம்பதடி விட்டு,
மரம் இழுக்கும் தடத்தில் கிளைகளைப் பரப்பி,
ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாமல்.
எனக்கும் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.
"உன் புட்டியில் ஒன்றும் தெரியாது, பார்" என்றார்.

தெரியவில்லைதான்.
பனி உருகிய கலங்கல் இரண்டே நாளில் தெளிந்தது.
புட்டியைத் தூக்கிப் பிடித்தால்
வண்டியின் நம்பரை அதன் வழியே படிக்கலாம்.
நீரும் அதிகம்; குடிக்க மரமில்லாததால்
ஜூலையிலும் அணை இரைந்தது.
ஊர்க் கூட்டத்தில் யாரோ
அதை நல்ல செய்தியாக வாசித்தார்கள்.

மண்ணுக்கு அடியில்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.
கண்ணுக்குத் தெரியாத சமையல்காரர்கள்
வெயில் பட்ட சூட்டில் முன்னைவிட வேகமாக
வடித்துக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
பந்தியில் ஒரு இலை இல்லை.
ஆக்கியதெல்லாம் மழையோடு இறங்கிப் போனது,
போகிற போக்கில்
மலையின் சுண்ணாம்பையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

மே: ஒன்று புள்ளி ஒன்று.
ஆகஸ்ட்: இரண்டரை.
அடுத்த ஏப்ரல்: நாலு புள்ளி மூன்று.
சட்டம் பொறுப்பது பத்து வரை.
என் படிவத்தில் இரண்டே கட்டம்:
மீறியது, மீறவில்லை.
மீறவில்லை.

பாலத்துக்குக் கீழே, வெயில் விழும் இடத்தில்,
கல்லுக்கெல்லாம் பச்சை முடி வளர்ந்திருக்கிறது.
அதற்குக் கட்டம் கிடையாது.
போன சுண்ணாம்பைப் பாறை மறுபடி கரைத்துக் கொடுக்க
எத்தனை காலம் என்பதற்கும்.

பெட்ரோல் போடும் இடத்தில் ஏமிலைப் பார்த்தேன்.
அவர் வீட்டுக் கிணறு அந்தச் சரிவின் அடியில்தான்.
"எப்படி இருக்கிறது என் ஓடை?"
நாலு புள்ளி மூன்று என்றேன்.
"பத்துக்குக் கீழேதானே?"
"கீழேதான்."
எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு கேட்டார்: "முன்னாடி எவ்வளவு?"

அலுவலகத்தில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
சொன்னேன். குழாயைக் கொக்கியில் மாட்டினார்,
தடவித் தடவி, இரண்டாம் முறை.

இந்த ஜூனில் அடிக்கட்டைகளுக்கு நடுவே
காட்டுச் செர்ரி இடுப்பளவு நிற்கிறது.
அந்த விதைகளுக்கு ஏமிலைவிட வயது கூட இருக்கலாம்;
இருட்டில் கிடந்து வெளிச்சத்துக்குக் காத்திருந்தவை.
பிந்தி வந்த பந்திக்காரர்கள்,
அப்படியொரு பசி.

இந்தச் செவ்வாய் மூன்று புள்ளி ஆறு.
மழையில்லாத வாரம்; அதனாலும் இருக்கலாம்.
படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
பென்சிலால் எழுதினேன்: முன்பு, 0.08.
மேலதிகாரி அழித்துவிடுவாள்.
அதனால் கொஞ்சம் அழுத்தி.