அரைப்புள்ளி

தேவகோட்டை சார்பதிவகத்துக்கு எதிர்ச்சாரியில்
மூன்றாவது கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பத்திரம் தட்டச்சு.
பதினோரு மணிக்கு டோக்கன்.
இப்போது பத்து இருபது.

'விடுதலை கடைசி' என்று ஒரு கோப்பு,
'விடுதலை கடைசி 2' என்று ஒன்று.
கதவு இலக்கத்தில் ஓர் எண் பிசகு என்று
நேற்றிரவு ஈப்போவிலிருந்து பெரியண்ணன் அழைத்த பிறகு
'விடுதலை நிஜமான கடைசி'.

எழுதிக்கொடுப்பவர் எதிர் நாற்காலியில்.
காலஞ்சென்ற வயிரவன் மனைவி சிகப்பி, வயது ஐம்பத்திரண்டு.
கைப்பையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்,
பஸ்ஸில் இருப்பதைப் போல.

சொத்து விவரம் தட்டியது நான்தான்.
இரண்டாங்கட்டில் வடசாரி ஐந்தாவது அறை,
கிழமேல் ஜாதியடி ஒன்பது, தென்வடல் ஏழு,
அதில் மூன்றில் ஒன்று.
கிணறு பொது, முகப்பு பொது, நடைபாதை பொது.
அந்தப் பொதுவில், கதவு நிலை மரவேலைகள் சகிதம்,
நாற்பத்தெட்டில் ஒன்றில் மூன்றில் ஒன்று.
கால்குலேட்டரில் போட்டேன்:
நூற்று நாற்பத்து நான்கில் ஒன்று.
ஒரு தூணில் அது எவ்வளவு உயரம் வரும் என்று
ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

வக்கீல் அருள்சூசை ஒரே மூச்சில் படித்தார்:
யாதொரு வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி
என் மனப்பூர்வமாகச் சம்மதித்து...
'அந்த மனப்பூர்வம் இருந்துதான் ஆகணுமா?'
'அது பார்மேட்டும்மா.'
சரி என்றார். தண்ணீர் கேட்டார்.

சேமி. வகை: பிடிஎஃப்.
நீலக் கோடு ஓடி முடிந்தது.
வக்கீலின் போனில் திறந்தால்
பதினான்கு இடத்திலும் சிகபபி.
எழுத்துருவை உள்ளே பொதியாமல் விட்டிருக்கிறேன்.
முதல் ப-வின் தலையில் ஒன்றுமில்லை.
'மன்னிச்சுக்கங்கம்மா, புள்ளி விழுந்திடுச்சு.'

வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்.
'அவுக போனதுலேர்ந்து
கோயில் வரி நோட்டுல நான் அரைப்புள்ளி.
உங்க மிசின் மிச்சத்தையும் தின்னுருச்சாக்கும்.'
சிரிக்கலாமா என்று வக்கீல் என்னைப் பார்த்தார்.

ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும்,
அவ்வளவுதான்.
மறுபடி சேமி.
பதினான்கு பெயரிலும் புள்ளி வந்து உட்கார்ந்தது,
முழுசாக.
இருநூற்றுப் பன்னிரண்டு கேபி.
ஈப்போவுக்கு ஒன்று, கோயம்புத்தூருக்கு ஒன்று.
ஈப்போவில் கட்டைவிரல் உடனே உயர்ந்தது.

'இனி இதுல யாரும் கைவைக்க முடியாதுல்ல?'
'முடியாதும்மா.'
முழு உண்மை இல்லை.
பத்து நாற்பதுக்கு அது போதும்.

பிரிண்டர் முத்திரைத்தாளை
ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது.
நானூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
மெதுவாகக் கேட்டார்:
'மாத்த முடியிறது ஒண்ணு வச்சிருந்தீங்களே,
அதை எனக்கு அனுப்புங்க.'
'அது வெறும் டிராப்ட். செல்லாதும்மா.'
'தெரியும்.'

அனுப்பினேன்.
அவர் போனில் அது திறக்கவில்லை.
மடங்கிய வெள்ளைத் தாள் படம் ஒன்று,
பக்கத்தில் பெயர் மட்டும்:
விடுதலை நிஜமான கடைசி.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

சாலைக்கு அந்தப் பக்கம்
ஏழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.
எங்களுடையது எட்டு.