தையல்

வியாழன் இரவு, ராஸ் அல் கைமா, நகீல், மூன்றாம் மாடி.
இஸ்திரி மேசையை விரித்து
அதன்மேல் மலையை விரித்தோம்.
பதினாறு தாள், செலோ டேப்,
சாகுலின் கம்பெனி பிரிண்டரில் மை தீர்ந்துபோய்
வடக்கு மூலை மட்டும் ஊதா.

ஜன்னலைத் திறந்தால் அசல் மலை.
குவாரி விளக்கு வரைக்கும் தெரியும்.
அதற்கப்பால் ருஊஸ் அல் ஜிபால்,
மலைகளின் தலைகள் என்று அர்த்தமாம்.
எத்தனை தலை என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.
கிடைத்த பழைய வரைபடம் ஒன்றில்
நமக்கு வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது,
வெள்ளைக்குள் ஓர் எண்,
எண்ணை அடுத்து ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிக்குத்தான்
மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நிழல் படிப்பது என் பிழைப்பு.
பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில்
எலும்பின் வெள்ளை, விரிசலின் கறுப்பு.
அந்தத் துணிச்சலில்
செயற்கைக்கோள் படத்தில் விழுந்த பாறை நிழலை
ஸ்கேல் வைத்து அளந்தேன்,
காலை பத்தே முக்கால் வெயிலென்று கணக்கிட்டேன்.
முந்நூற்றுப் பத்து மீட்டர், செங்குத்து.

நம்மிடம் கயிறு? அறுபது மீட்டர். ஒன்று.

ரிஃபைனரிச் சிமினியில் தொங்கி வேலை பார்ப்பவன் சாகுல்,
அவனை நம்பித்தான் இத்தனையும்.
"அங்கே ஏறுவதற்கு லிஃப்ட் இருக்கு அக்கா,
கயிறு இறங்கத்தான்" என்று
இன்றைக்குத்தான் வாய் திறக்கிறான்.

என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் துறைமுகத்தில் கிரேன்.
எதைக் கண்டாலும் முதலில் எடை கேட்பார்.
ஆளுக்கு ஒன்பது லிட்டர் என்று எழுதி
அடித்து, பத்தாக்கி,
தண்ணீரைச் சுமப்பதற்கே தண்ணீர் வேணுமே என்று
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.
எல்லை வேறு அந்த முகட்டிலேயே போகிறதாம்.
மேலே படுத்தால் தலை ஒரு நாட்டில்,
கால் விசா இல்லாத இடத்தில்.
குறுக்கே படுக்காமல்
நெடுகப் படுப்பதென்று தீர்மானம் போட்டோம்.

செவ்வாயன்று ஒரு ஷிஹ்ஹி இளைஞன்,
மணிக்கட்டு வீங்கி என் மேசைக்கு வந்தான்.
கையைத் திருப்பி வைத்தபடி கேட்டேன்,
உங்கள் ஊருக்குப் பின்னாலிருக்கும் அந்த உச்சிக்கு என்ன பேர்?
மணிக்கட்டுக்கு மூச்சடக்கத் தேவையில்லை,
அவன் அடக்கிக்கொண்டிருந்தான்.
விட்டதும் சொன்னான்:
"கீழே மழைத்தொட்டி இருக்கிறது, அதற்குப் பேர் உண்டு.
வழியில் ஒரு சமர் மரம், அதற்கும் உண்டு.
உச்சிக்கு எதற்குப் பேர்?
அங்கே யாருக்கு என்ன வேலை?"

எனக்குப் பதில் வரவில்லை.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மணி ஒன்று. கட்டஞ்சாயா ஆறிவிட்டது.
மூன்று வாரமாகச் சிவப்புப் பென்சிலால்
நாங்கள் ஏறிக்கொண்டிருந்த அந்தக் கோடு,
ஓடையிலிருந்து முகடு வரை நூல் பிடித்ததுபோல் போகும் வெடிப்பு,
எங்கள் ஒரே வழி.
அதன் இடது பக்கம் நிழல்கள் மேற்கே சாய்கின்றன.
வலது பக்கம் வடக்கே.

இன்னொரு முறை பார்த்தேன்.
ஒரு மரம், கோட்டின்மேல் பாதி.
மறுபாதி இல்லை.

இரண்டு நாளில் எடுத்த இரண்டு படம்.
எவரோ ஒட்டிய இடம்.
பாறையில் அப்படி எதுவும் கிடையாது.

விரிசல் இல்லாத எலும்பில்
விரிசல் கண்டேன்.
இதே தப்பை ஆஸ்பத்திரியில் செய்திருந்தால்
ஒருவருக்குச் சும்மா மாவுக்கட்டு போட்டிருப்பார்கள்.

சொன்னேன்.
சாகுல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான்.
பிறகு சிரித்தான், அடக்கமுடியாமல்.
இசக்கியப்பன் சிரிக்கவில்லை.
ரப்பரை எடுத்தவர்
அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.
பக்கத்து அறைக்காரி செலஸ்டின், ஐந்து மணி டூட்டி,
யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.
இஸ்திரி மேசை வேண்டும்.
ஆளுக்கொரு மூலை பிடித்து
மலையைத் தூக்கித் தரையில் கிடத்தினோம்.
நாலாவது மூலையை அவள் பிடித்தாள்.
"இது எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டாள்.

இசக்கியப்பன் மண்டியிட்டு
பதினொன்று என்று எழுதினார்.
லிட்டர்.
சாகுல் கயிற்றை முழம் போட ஆரம்பித்தான்.