பதினெட்டு பவுண்டு

எண்ணூர் ரோட்டில்
டிரெய்லர் வரிசையில் நான்கு நாள் நின்றவன் நான்.
துறைமுக வாசல் மூன்று கிலோமீட்டர்.
ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கி
கேன் தண்ணீரில் குளித்து
டயர் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து
முட்டை உடைத்துப் போட்டவன்.
அதற்குப் பெயர் டூட்டி.

அதையே ஞாயிற்றுக்கிழமை
பெட்ரோல் செலவழித்துச் செய்தால்
கேம்பிங்கா என்று கேட்கிறாள் ரெஜினா.
கேட்டுக்கொண்டே பாயைச் சுருட்டுகிறாள்,
மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டுகிறாள்.

ஜீப் ஏலத்தில் எடுத்தது.
எனக்கும் கமாலுதீனுக்கும் பாதிப் பாதி.
மின்வாரியத்தில் ஓடி ஓய்ந்த வண்டி.
கதவில் 'அவசரம்' என்று எழுதியிருந்தார்கள்.
சுரண்டிப் பார்த்தோம்,
'வ' மட்டும் வந்தது.
இப்போது அது 'அசரம்'.
நகராதது என்று அர்த்தமாம்.
ராயபுரம் கான்வென்டில் படித்தவள்,
அவளுக்குத் தெரிகிறது.

அத்திப்பட்டு தாண்டி
சாம்பல் குழாயை ஒட்டி இறங்குகிறது மண்பாதை.
குழாய் கசிந்த இடங்களில்
கருவேலஞ்செடிக்கும் நரை.
லாரித் தடம் முடிந்து
பைக் தடம் முடிந்து
மாட்டுக் குளம்பும் முடிந்த பிறகு
வெள்ளையாக, சமமாக, காய்ந்து கிடந்தது தரை.
பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம்.

மேலே அப்பளம், உள்ளே பாயசம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் என்றுதான் வாங்கினோம்.
நான்கும் ஒரே நேரத்தில் புதைந்தன.
லோ கியர் போட்டேன். கத்தியது.
ரிவர்ஸ் போட்டேன். இன்னும் இறங்கியது.
"அசரம்" என்றாள்.

பிறகு சேலையைத் தூக்கிச் செருகி
தீக்குச்சியால் வால்வை அழுத்தி
காற்றை இறக்க ஆரம்பித்தாள்.
எனக்கு வயிறு கலங்கியது.
பன்னிரண்டு வருஷமாக
நூற்றுப்பத்துக்குக் குறையாமல் அடித்து
கட்டையால் தட்டி
மணிபோல் கேட்டால்தான் வண்டி எடுக்கிறவன்.
"ஒப்பிப் போயிருக்கணும்,
அப்பதான் மண்ணு தாங்கும்,
எங்கப்பாரு மீன் வேன் ஓட்டுனவரு" என்றாள்.
நான்கிலும் பதினெட்டு.
கை ஓயாமல் ஸ்டெப்னியிலும் பதினெட்டு.

உப்பங்கழியில் ஒரு பெண்
இடுப்பளவு நீரில் குனிந்து
கைகளால் இறால் தடவிக்கொண்டிருந்தாள்.
பறி அவள் பற்களில் தொங்கியது.
பேச முடியாது.
எங்களைப் பார்த்தாள், கண்ணால் சிரித்தாள்,
கரையேறி எங்களுக்கு முன்னால் நடந்தாள்.
அவள் கால் அமுங்கிய இடத்தை விட்டு
அமுங்காத இடத்தில்
தொளதொளவென்று
பின்னால் போனது ஜீப்.
கெட்டி மணல் வந்ததும்
திரும்பிப் பார்க்காமல் நீரில் இறங்கிவிட்டாள்.
பெயரைக் கேட்கவில்லை நாங்கள்.
கேட்டாலும் பறியை இறக்கியிருக்க மாட்டாள்.

இரவு
லாரி தார்ப்பாயில் கமாலுதீன் தைத்த கூடாரம்.
ஜிப் இல்லை, ஊக்குதான்.
சோற்றில் மணல் பாதி, சாம்பல் பாதி.
தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்
சிவப்பாகக் கண் சிமிட்டின.
அந்த வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரமும்
வாய் திறக்கவில்லை.

கடலில் விளக்குகள்.
வரிசையாக, அசையாமல்.
பதினொன்று எண்ணினேன்.
வாசல் திறக்கக் காத்திருக்கிற கப்பல்கள்.
யாரோ ஒருத்தன்
அங்கேயும் முட்டை உடைக்கிறான்.
அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்காகத்தான்
செவ்வாய்க்கிழமை நான் நிற்கப்போகிறேன்.
ரெஜினாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.
தூங்கியிருந்தாள்,
கையில் தீக்குச்சியோடு.

காலையில் அத்திப்பட்டு பஞ்சர் கடை.
நான்கு டயருக்கும் முப்பது வைத்தான் பையன்.
"ஸ்டெப்னி பாக்கட்டுமாண்ணா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.