கழுவுதல், நறுக்குதல்

ஜாம் எழுதப் போகிறேன் என்றேன்.
"அதுக்கென்னம்மா படிப்பு, கூழுல சர்க்கரையப் போட்டுக் கிண்டு"
என்றார் ஷிப்ட் மேஸ்திரி முனிரத்தினம்.
நுழைவுத்தேர்வின் பெயரே அதுதான் என்று
விளக்குவதற்குள் பெங்களூரா லோடு வந்துவிட்டது.

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே மாங்கூழ் ஆலை,
சீசன் முடியும்வரை இரவு ஷிப்ட்.
கையுறைக்குள் சாறு இறங்கி
விரலிடுக்கெல்லாம் புண்.
அந்த விரலால் திருப்புவதால்
ஹாமில்டோனியன் மேலெல்லாம் மஞ்சள் ரேகை.

ஐகன் என்ற சொல்லை
என் ஆங்கில அகராதியில் மூன்று நாள் தேடினேன்.
ஜெர்மன் சொல்லாம்.
கல்லூரியில் அந்த அத்தியாயத்தை
"பரீட்சைக்கு வராது" என்று தாண்டிவிட்டார்கள்.
வராததெல்லாம்தான் இப்போது வருகிறது.

இரண்டு செயலிகள். வரிசை மாறினால் விடை மாறும்.
மனப்பாடமாகத் தெரியும்.
ஏன் மாற வேண்டும் என்பதுதான்
வயிற்றுக்குள் இறங்கவில்லை.

நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு
புதுசாய்ச் சேர்ந்த ருத்ரம்மா
நறுக்கிய பழத்தைக் கொண்டுபோய்
கழுவுகிற தொட்டியில் கொட்டிவிட்டாள்.
தொட்டியெல்லாம் குழம்பு. ஈ.
"கழுவிட்டு நறுக்கறதும் நறுக்கிட்டுக் கழுவறதும் ஒண்ணா?"
மேஸ்திரி கத்த, நான் சிரித்துவிட்டேன்.
எனக்கும் அரைநாள் கூலி பிடித்தம்.

ஒன்றில்லை, முனிரத்தினம் அண்ணே.
அதிலிருந்து இதைக் கழித்தால்
பூஜ்யம் வராது.
ஒரு தொட்டி மிஞ்சும்.
பிடித்தத்தைக்கூட எழுதிக்கொள்ளலாம்,
வலப்பக்கத்தில்.

காலை முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
முழங்காலில் நோட்டு. ஏழாவது கணக்கு.
என் விடைக்கும் புத்தகத்தின் விடைக்கும்
ஒரு கழித்தல் குறியில் சண்டை.
நாலாவது வரியில் தூக்கத்தில் விட்டிருக்கிறேன்.
இல்லை, அங்கே சரியாகத்தான் இருக்கிறது.
கோட்டைமலை தெரியத் தொடங்கிவிட்டது.
பக்கத்து இருக்கை அம்மா கேட்கிறாள்:
"மாம்பழ வாசனை வருதே, விக்கிறியா?"